வீட்டு முயலின் தீனியும் குடல் நலமும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலை வட்டாரத்தில் பத்தாண்டுகளுக்கு மேலாக வீட்டுக்குள் முயல் வளர்த்து வருகிறேன். நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளில் முயல் வாங்கிய குடும்பத்தார் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மூன்று, நான்கு மாதங்களில் எடை கூட்டி இறைச்சிக்கு விற்கும் பண்ணையின் கணக்கு வேறு. எட்டு, பத்து ஆண்டுகள் நம்மோடு வாழ வேண்டிய வீட்டு முயலுக்காகவே இவை எழுதப்பட்டுள்ளன. நான் கால்நடை மருத்துவர் அல்லாததால், மருந்துகளின் அளவு எதையும் இங்கே குறிப்பிடவில்லை.

முயலுக்கு முதன்மையான உணவு எது? கேரட்டா, கீரையா, கடையில் விற்கும் தீவனமா?

இவை மூன்றும் அல்ல, புல்தான். வளர்ந்த முயல் ஒரு நாளில் தின்பதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் புல்லாகவோ உலர்ந்த புல்லாகவோ இருக்க வேண்டும். அதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை தானே கிடைத்துவிடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முயலின் வயிற்றில் மாட்டுக்கு இருப்பதுபோல் அசைபோடும் பைகள் கிடையாது. சிறுகுடலும் பெருங்குடலும் கூடும் இடத்தில் உள்ள குருட்டுக்குடல்தான் அதற்கு நொதிக்கலன். நம் உடலில் பெயரளவுக்கு இருக்கும் அந்த உறுப்பு, முயலுக்கு வயிற்றறையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் கொள்ளளவு இரைப்பையைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் நாரின் நுண்ணிய துகள்களை நொதிக்கச் செய்து சத்தாக்குகின்றன. நாரின் பெரிய துகள்கள் குருட்டுக்குடலுக்குள் போகாமல் நேரே பெருங்குடல் வழியாகக் கெட்டிப் புழுக்கையாக வெளியேறுகின்றன. அவற்றில் சத்து ஒன்றும் இல்லை. ஆனால் குடலைத் தள்ளி அசையவைப்பது அந்தச் சக்கைதான். சக்கை குறைந்தால் குடலின் அசைவு குறைகிறது. மாவும் சர்க்கரையும் மிகுந்தால் குருட்டுக்குடலில் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நஞ்சு சுரக்கும் கிருமிகள் பெருகுகின்றன. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. எனவே உள்ளே போன தவறான உணவுக்குத் திரும்பி வர வழியில்லை.

ஒரு நாளைக்குத் தன் உடம்பளவு பருமனுள்ள உலர்புல் குவியல் அதன் முன் எப்போதும் இருக்க வேண்டும். வேளைக்கு வேளை வைத்து எடுக்கும் பழக்கம் முயலுக்குப் பொருந்தாது. அதன் இரைப்பை ஒருபோதும் முழுமையாகக் காலியாவதில்லை, காலியாகவும் கூடாது.

எங்கள் முயல் தன் புழுக்கையைத் தானே தின்கிறது. இது நோயா?

நோய் அன்று, நலத்தின் அடையாளம். முயல் இரண்டு வகைப் புழுக்கை போடும். பகலில் நாம் காண்பது உருண்டையான, உலர்ந்த, உடைத்தால் புல்தூள் தெரியும் கெட்டிப் புழுக்கை. மற்றது, சிறிய திராட்சைக் கொத்துபோல் ஒன்றோடொன்று ஒட்டிய, பளபளப்பான, கடுநாற்றமுள்ள மென்புழுக்கை. இது குருட்டுக்குடலில் நொதித்து உருவானது. பி வகை வைட்டமின்களும் புரதமும் இதில் நிறைந்திருக்கும். பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும், முயல் குனிந்து ஆசனவாயிலிருந்தே இதை வாங்கி விழுங்கிவிடும். மாடு அசைபோடுவதற்கு முயல் கண்டுகொண்ட மாற்று வழி என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தடுக்கவோ அதட்டவோ வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது, மென்புழுக்கை தின்னப்படாமல் தரையில் நசுங்கியோ வாலடியில் ஒட்டியோ கிடக்கும்போதுதான். தீவனமோ பழமோ மிகுந்துவிட்டது, அல்லது முயல் குனிய முடியாத அளவுக்குப் பருத்துவிட்டது, அல்லது முதுகிலோ பல்லிலோ வலி இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

திமோத்தி உலர்புல்லை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது, விலையும் கட்டுப்படியாகவில்லை. நம் ஊர்ப் புல் போதாதா?

தாராளமாகப் போதும். திமோத்தி குளிர்நாட்டுப் புல். அங்கே மலிவாகக் கிடைப்பதால் அந்நாட்டுக் குறிப்புகளெல்லாம் அதையே சொல்கின்றன. முயலின் குடலுக்கு வேண்டியது நீண்ட நார்தானே தவிர, குறிப்பிட்ட ஒரு புல்லின் பெயர் அல்ல. மழை இரண்டு பருவத்திலும் பெய்யும் நம் மாவட்டத்தில் புல்லுக்குப் பஞ்சமே இல்லை என்பது முயல் வளர்ப்போருக்குக் கிடைத்த பெரும் பேறு.

அருகம்புல் மிகச் சிறந்தது. மெல்லிய தண்டும் நல்ல நாரும் உடையது. தென்னை விளைகளின் (தோப்புகளின்) ஓரத்தில் வளரும் கினிப்புல்லை இலையும் தண்டுமாகக் கொடுக்கலாம். மாட்டுக்காகக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் பயிரிடும் வீடு பக்கத்தில் இருந்தால், முற்றித் தடித்த தண்டைத் தவிர்த்து இலைப்பகுதியைக் கேட்டு வாங்கலாம். மக்காச்சோளத்தின் தோகையும், மூங்கில் இலையும் நல்லவை. வாழையிலையும் பலாவிலையும் இடையிடையே ஒன்றிரண்டு கொடுக்கலாம். என் முயல்களுக்குப் பலாவின் முற்றாத இலை என்றால் தனி விருப்பம்.

குதிரைமசால், வேலிமசால், முயல்மசால் ஆகியவற்றைப் பற்றி ஒரு சொல். முயல்மசால் என்ற பெயரைக் கண்டு அதுவே முயலின் அன்றாட உணவு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இவை மூன்றும் பயறு இனத்தவை. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நல்லவை. வளர்ந்த முயலுக்கு வாரத்தில் ஓரிரு முறை ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். முருக்கு, அகத்தி இலைகளுக்கும் இதே அளவு. சூபாபுல்லைத் தவிர்த்துவிடுங்கள், அதிலுள்ள மிமோசின் முயலுக்கு முடி உதிர்வை உண்டாக்கும். விளைகளில் தரையோடு படரும் தொட்டாற்சுருங்கியிலும் இதே பொருள் இருக்கிறது. புல்லோடு கலந்து வந்தால் பொறுக்கி எறியுங்கள்.

எங்கிருந்து அறுக்கிறோம் என்பது, எதை அறுக்கிறோம் என்பதைப் போலவே முக்கியமானது. நெடுஞ்சாலை ஓரம், நாய்கள் திரியும் இடம், வாழைக்கு மருந்தடித்த விளை, களைக்கொல்லி தெளித்த ரப்பர்த் தோட்டம் ஆகியவற்றின் புல் வேண்டவே வேண்டாம். அறுத்த புல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறி நொதிக்கத் தொடங்கும். அப்படி வெதுவெதுப்பான புல்லைத் தின்ற முயலுக்கு வயிறு உப்பிவிடும். அறுத்தவுடன் பரப்பி, மழைநீர் வடிந்த பிறகு கொடுங்கள். உலர்புல் மட்டுமே தின்று பழகிய முயலுக்குப் பச்சைப்புல்லை முதல் நாளிலேயே வாரி வைக்காமல், ஒன்றிரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

வைக்கோல் கொடுக்கலாமா?

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு அறுவடை நடப்பதால் இந்தக் கேள்வி இயல்பாகவே வருகிறது. வைக்கோலில் நார் உண்டு, சத்து மிகக் குறைவு. படுக்கைக்குப் பரப்பலாம், அதை முயல் கொறித்தால் தீங்கில்லை. அதை மட்டுமே நம்பி வளர்த்தால் முயல் மெலிந்து போகும். கன்னிப்பூ அறுவடையின் வைக்கோல் மழையில் நனைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், கும்பப்பூ வைக்கோலையே நான் வாங்குகிறேன்.

மழைக்காலத்தில் புல் பூத்துப்போகிறது. எப்படி உலர்த்தி வைப்பது?

இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) தொடங்கும் மழை இடைவெளி விட்டு ஐப்பசி, கார்த்திகை வரை நீள்கிறது. எனவே மாசி, பங்குனியிலேயே புல்லை உலர்த்திச் சேர்த்துவிடுவது நல்லது. புல் பூ விடத் தொடங்கும் பருவத்தில், பனி உலர்ந்தபின் முற்பகலில் அறுங்கள். மொட்டைமாடியில் பழைய வேட்டியின் மேல் மெல்லிய படுகையாகப் பரப்பி, ஒரு நாளில் மூன்று முறை புரட்டுங்கள். நல்ல வெயிலில் இரண்டு, மூன்று நாட்களில் உலரும். ஒரு தண்டை முறுக்கினால் வளையாமல் ஒடிய வேண்டும். நிறம் பழுப்பாகாமல் இளம்பச்சையாக நிற்க வேண்டும். மணம் இனிமையாக இருக்க வேண்டும். ஈரம் மீந்திருக்கும்போதே மூட்டை கட்டினால் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் அடைப்பதே பலர் செய்யும் தவறு. நம் கடலோரக் காற்றின் ஈரம் பையின் உட்புறத்தில் வியர்வையாகப் படிந்துவிடும். துணிப்பையிலோ சாக்கிலோ கட்டி, தரையிலும் சுவரிலும் படாமல் பலகையின் மேல் வையுங்கள். அடுக்களையின் மேல் பரண் இருந்தால் அதுவே தகுந்த இடம். வெண்மையாகவோ கருமையாகவோ புள்ளி தெரிந்தால், தட்டும்போது புகைபோல் தூசி கிளம்பினால், அல்லது மக்கிய வாடை அடித்தால், அந்தக் கட்டு முழுவதையும் தென்னைக்கு உரமாகப் போட்டுவிடுங்கள். பூத்த பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மீதியைக் கொடுப்பது பாதுகாப்பு அன்று, ஏனெனில் பூஞ்சை நஞ்சு கண்ணுக்குத் தெரியாது.

எந்தெந்தக் கீரை கொடுக்கலாம்?

ஒரு கிலோ எடைக்கு ஒரு கைப்பிடி என்ற அளவில், நாளுக்கு மூன்று வகை கலந்து, வகைகளை மாற்றி மாற்றிக் கொடுப்பது என் வழக்கம். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட்டின் தழை, வல்லாரை, செம்பருத்தியின் இலையும் பூவும் நம்பிக்கையாகக் கொடுக்கத்தக்கவை. துளசியும் கறிவேப்பிலையும் மணத்துக்காகச் சிறிதளவு போதும். வடசேரி சந்தையில் வாங்கும் கீரையை இரண்டு, மூன்று தண்ணீரில் அலசி, நீர் வடியவிட்டுக் கொடுங்கள்.

முருங்கைக் கீரையைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. வீட்டு முற்றத்திலேயே நிற்கிறது, மனிதருக்கு அத்தனை நல்லது, முயலுக்கு மட்டும் ஏன் கூடாது என்பார்கள். கூடாது என்பதில்லை, அன்றாடம் கூடாது. 100 கிராம் முருங்கையிலையில் சுமார் 440 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அகத்தியில் சுமார் 1130 மில்லிகிராம். நம் உடல் தேவைக்கேற்பவே சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சும். முயலோ உணவில் உள்ளதில் பெரும்பகுதியை உறிஞ்சி, மிஞ்சியதைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அது மிகும்போது சிறுநீர் சுண்ணாம்புக் குழம்புபோல் தடித்து, சிறுநீர்ப்பையில் சேறாகப் படியும். சிலவற்றுக்குக் கல்லும் உண்டாகும். வாரத்தில் இருமுறை ஓர் இணுக்கு போதும்.

தண்டுக்கீரை, சிறுகீரை, பசலை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. இவற்றுள் ஒன்றை வாரத்தில் ஒருநாள் சிறிதளவு சேர்க்கலாம். முட்டைக்கோசும் காலிஃபிளவரின் பூவும் சில முயல்களுக்கு வாயுவை உண்டாக்கும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குச் செடியின் தழை, தக்காளித் தழை, வெண்ணெய்ப்பழம் ஆகியவை எந்த அளவிலும் ஆகாது.

மரச்சீனி (மரவள்ளி) இலையும் ரப்பர் இலையும் வீட்டைச் சுற்றிக் கிடக்கின்றன. கொடுக்கலாமா?

கூடாது. இரண்டிலும் லினமாரின் என்னும் பொருள் இருக்கிறது. இலை கசங்கி மெல்லப்படும்போது அதிலிருந்து சயனைடு வெளிப்படும். மரச்சீனித் தழையைத் தின்று ஆடு விழுந்து இறப்பது நம் ஊரில் ஆடு வளர்க்கும் எவரும் அறிந்த செய்தி. ஆட்டைச் சாய்ப்பது இரண்டு கிலோ முயலை விட்டுவைக்காது. மரச்சீனிக் கிழங்கின் தோலும் அப்படியே. கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பர் விளைக்கு நடுவிலேயே வீடு இருப்பதால், முயலை முற்றத்தில் ஓடவிடும் முன் உதிர்ந்த இலைகளைக் கூட்டிவிடுங்கள்.

அரளியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோவாளையிலிருந்து வரும் மாலைகளில் அரளிப்பூ கோத்திருப்பது வழக்கம். பூசைக்குப் பின் அந்த மாலையைத் தாழ்வான இடத்தில் போட்டால் முயல் இழுத்துவிடும். அரளியின் பூ, இலை, பட்டை எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. காய்ந்த பிறகும் அந்த நஞ்சு போவதில்லை. எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி, குரோட்டன்ஸ் ஆகியவையும் முயலின் வாய்க்கு எட்டாதிருக்க வேண்டும்.

கேரட்டும் பழமும்?

கேரட் கிழங்கு சர்க்கரை மிகுந்தது. அதைத் தின்பண்டமாகவே கருத வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், கட்டைவிரல் நகமளவு துண்டு. மட்டிப்பழம், செந்துளுவன், ஏத்தன் (நேந்திரன்), சக்கைச்சுளை (பலாச்சுளை), மாம்பழம் எல்லாவற்றுக்கும் இதே அளவுதான், அதுவும் ஒரு நாளில் ஏதாவது ஒன்று மட்டும். மட்டியின் மணத்துக்கு முயல் கூண்டை உடைத்துக்கொண்டு வரும். அந்த ஆவலைக் கண்டு மனம் இளகி, வீட்டில் ஆளுக்கொரு துண்டாக நால்வர் கொடுத்தால் முழுப்பழம் உள்ளே போய்விடுகிறது. கொடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் விடுங்கள்.

பிஸ்கட், ரொட்டி, சோறு, இட்லி, பொட்டுக்கடலை, தேங்காய், ஏத்தங்காய் வற்றல் எதுவும் முயலின் உணவு அல்ல. குழந்தைகளிடம் அன்போடு ஒரு முறை விளக்கினால் அவர்கள் பெரியவர்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். வந்துபோகும் உறவினர்களைத் தடுப்பதுதான் கடினம்; நான் கூண்டருகே ஒரு கொத்து அருகம்புல்லை வைத்து, கொடுக்க விரும்புவோர் அதைக் கொடுக்கட்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

பெல்லட் (சிறு குச்சிகளாக அழுத்திய) தீவனம் கட்டாயமா?

நல்ல புல்லும் கீரையும் மாற்றி மாற்றிக் கிடைக்கும் முயலுக்குக் கட்டாயம் இல்லை. கொடுத்தால் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். தீவனக்கடையில் மூட்டையாகக் கிடைப்பது சோவியத் சிஞ்சில்லா, ஒயிட் ஜெயன்ட், நியூசிலாந்து ஒயிட் போன்ற இனங்களை விரைவில் பருக்கவைக்க உருவாக்கிய பண்ணைத் தீவனம். அதைக் கிண்ணம் நிறைய வைத்தால் முயல் புல்லைத் தொடாது; கொழுக்கும்; பல் தேயாது. வாங்கும் பையில் நார்ச்சத்து 18 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். விதை, சோளம், உலர்பழம் கலந்த வண்ணக் கலவைகளை வாங்காதீர்கள். முயல் இனிப்பானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை ஒதுக்கிவிடும்.

குட்டிக்கு எப்போது, என்ன கொடுப்பது?

சந்தையில் விற்கும் பல குட்டிகள் நான்கு வாரம்கூட நிறையாதவை. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியை வாங்காதீர்கள். குட்டியின் குடலில் நுண்ணுயிர்ச் சமநிலை உருவாகும் காலம் அது. அப்போது தாய்ப்பாலை நிறுத்தி, உணவையும் இடத்தையும் ஒரே நாளில் மாற்றினால் கழிச்சல் கண்டு இறப்பவை ஏராளம். வந்த முதல் இரண்டு வாரம், விற்றவர் கொடுத்துவந்த தீவனத்தையே தொடர்ந்து, உலர்புல்லைத் தாராளமாக வையுங்கள். ஆறு மாதம் வரை குதிரைமசால் கலந்த உலர்புல் ஏற்றது. கீரையை மூன்றாம் மாதத்தில், ஒரு நேரத்தில் ஒரு வகை, ஓர் இலை என்று தொடங்கி, இரண்டு நாள் புழுக்கையைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

குட்டிகளைக் கொல்லும் இன்னொன்று காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணி. அதன் முட்டை நோயுற்ற முயலின் புழுக்கையில் வெளியேறி, ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் ஓரிரு நாட்களில் தொற்றும் நிலைக்கு முதிர்கிறது. நம் மழைக்காலம் அதற்குத் தோதானது. கூண்டின் தரையை நாள்தோறும் கூட்டி உலர்வாக வைத்திருப்பதும், புல்லைத் தரையில் போடாமல் தொட்டியில் வைப்பதும் பாதி மருத்துவம். வயிறு பானைபோல் உப்பி, முதுகெலும்பு துருத்தி, கழிச்சலும் கண்டால் புழுக்கையைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும்.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு சுமார் 50 முதல் 150 மில்லிலிட்டர் வரை குடிக்கும். குழாய்ப்புட்டியைவிடக் கனமான மண்சட்டியில் வைத்தால் அதிகம் குடிக்கிறது. பச்சைப்புல் தின்பதால் தண்ணீர் வேண்டாம் என்ற பழைய எண்ணம் தவறானது.

பங்குனி, சித்திரைப் புழுக்கத்தில் முயல் தீனியைக் குறைத்துவிடும். அதற்கு வியர்ப்பதில்லை, காது வழியாகவே வெப்பத்தை விடுகிறது. 30 டிகிரிக்கு மேல், அதுவும் காற்றில் ஈரம் மிகுந்த நாளில், அது தவித்துப்போகும். தண்ணீர் நிரப்பி உறையவைத்த புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். உலர்புல் எப்போதும்போல் இருக்கட்டும்; புதுத் தீனியை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள்.

புழுக்கையைப் பார்த்து நலத்தை எப்படி அறிவது?

இதை நான் நாள்தோறும் காலையில் முதல் வேலையாகச் செய்கிறேன்; உங்களையும் செய்யுமாறு வேண்டுகிறேன். நலமான முயல் நாளொன்றுக்கு 100 முதல் 300 வரை கெட்டிப் புழுக்கை போடும். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில், வட்டமாக, இளம்பழுப்பாக இருக்க வேண்டும். அளவு சிறுத்து, கறுத்து, கடினமானால் நாரோ தண்ணீரோ குறைந்திருக்கிறது, அல்லது குடல் மெதுவாகிக்கொண்டிருக்கிறது. மணிமாலைபோல் முடியில் கோத்து வந்தால் அது உடம்பை நக்கியதில் உள்ளே போன முடி. முடி உதிரும் பருவத்தில் நாள்தோறும் சீவிவிட்டுப் புல்லைக் கூட்டுங்கள். வழுவழுப்பான சளி தெரிந்தாலும், தண்ணீராகக் கழிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

நேற்று இரவிலிருந்து தின்னவில்லை. நாளைவரை பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் நீங்கள் வேறு எதையும் நினைவில் கொள்ளாவிட்டாலும் இதைக் கொள்ளுங்கள்: பத்து, பன்னிரண்டு மணி நேரமாக முயல் எதுவும் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், அது உயிருக்கு ஆபத்தான நிலை. நாய் ஒரு நாள் பட்டினி கிடந்து தானே தேறிவிடும். முயலுக்கு அப்படி இல்லை. குடல் நின்றால் உள்ளிருப்பது காய்ந்து இறுகுகிறது, வாயு சேர்கிறது, வலி கூடுகிறது, வலியால் மேலும் தின்ன மறுக்கிறது. பருத்த முயலாக இருந்தால் பட்டினியில் உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் படிந்து, ஈரலும் கெடத் தொடங்கும். குடல் இப்படி நின்றுபோவதைத்தான் குடல் தேக்கம் என்கிறோம்.

முயல் பிறவிலங்குகளுக்கு இரையாகும் விலங்கு. வலியை மறைத்துக்கொள்வது அதன் இயல்பு. மூலையில் கூனிக்குறுகி உட்கார்வது, பல்லை நறநறவென்று கடிப்பது, அடிவயிற்றைத் தரையில் அழுத்துவது, அழைத்தால் காதைத் திருப்பாமல் இருப்பது ஆகியவைதான் அதன் அழுகை. காதைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் நிலை மோசம். முயலின் இயல்பான உடல்வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. வயிறு முரசுபோல் இறுகி உப்பியிருந்தால் அடைப்பாக இருக்கலாம். அப்போது ஒரு மணி நேரத்தையும் வீணாக்கக் கூடாது, வாயில் எதையும் புகட்டவும் கூடாது.

மருத்துவரிடம் புறப்படும்வரை செய்யத்தக்கவை சில. காது குளிர்ந்திருந்தால் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அணைத்து வையுங்கள். வெயில் தாக்கியிருந்தால் இது கூடாது. கொத்தமல்லியையும் புதினாவையும் மூக்கருகே காட்டுங்கள். இருட்டான, அமைதியான கூடையில், உலர்புல்லோடு கொண்டுபோங்கள். மருத்துவர் பெரும்பாலும் தோலுக்கடியில் திரவம் ஏற்றி, வலிக்கு மருந்து கொடுத்து, அடைப்பு இல்லை என்று உறுதியான பின் குடலை அசைக்கும் மருந்து தருவார். அதன்பின் அவர் சொன்னால், பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் வாயின் ஓரமாகச் சிறிது சிறிதாகப் புகட்டலாம். மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும்.

எல்லா மருத்துவமனையிலும் முயலைப் பார்த்துப் பழகியவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. நலமாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்டத்தின் மேற்குப் பகுதியினருக்குத் திருவனந்தபுரமே பக்கம்.

வீட்டில் இருக்கும் ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுக்கலாமா?

வேண்டாம். இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். என் முதல் முயலுக்கு மூக்கு ஒழுகியபோது, ஒரு மருந்துக்கடையில் கேட்டு, குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் திரவத்தை மூன்று நாள் புகட்டினேன். நான்காம் நாள் காலையில் கழிச்சல் கண்டது, மாலைக்குள் இறந்துவிட்டது. வாய்வழி கொடுக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின், லின்கோமைசின், கிளின்டாமைசின் போன்றவை முயலின் குருட்டுக்குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நஞ்சு சுரக்கும் கிளாஸ்டிரிடியம் கிருமிகளுக்கு இடம் கொடுத்துவிடும். இது எனக்கு அப்போது தெரியாது. முயலுக்குப் பாதுகாப்பான ஆன்டிபயாடிக் மருந்துகளும் உண்டு; அவற்றை மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் முயலுக்குப் புதியவர் என்று தோன்றினால், இந்தப் பெயர்களைப் பணிவோடு நினைவூட்டத் தயங்காதீர்கள்.

பல்லுக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு?

முயலுக்கு 28 பற்கள். எல்லாமே வாழ்நாள் முழுவதும் வளர்பவை. முன்பல் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் வளரும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்தே அது தேய்கிறது. மென்மையான உணவில் வளர்ந்த முயலின் கடைவாய்ப் பல் கூராக நீண்டு நாக்கைக் கீறும். தின்ன ஆசைப்பட்டு அருகில் வந்து, வாயில் வைத்ததும் விட்டுவிடும். எச்சில் வழிந்து தாடை நனைந்திருந்தாலும் பல்லையே முதலில் ஐயப்படுங்கள். மீண்டும் மீண்டும் குடல் தேக்கம் வரும் முயல்களில் பலவற்றுக்கு அடிப்படைக் காரணம் பல்தான்.

சிறுநீர் சிவப்பாக இருக்கிறதே?

பெரும்பாலும் இலைகளின் நிறமிதான் காரணம். ஓரிரு நாளில் மாறிவிடும். முக்கினாலோ, சொட்டுச் சொட்டாகப் போனாலோ, சிவப்பு தனிப் புள்ளியாகத் தெரிந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாலடியில் ஒட்டிக்கொண்டு நாறுகிறது. குளிப்பாட்டலாமா?

முழுக் குளியல் முயலை அச்சத்தாலேயே கொன்றுவிடக்கூடும். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து அந்த இடத்தை மட்டும் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். மழைக்காலத்தில் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அழுக்கில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு பொரித்துத் தோலைத் தின்னத் தொடங்கும். அடுத்து, பெல்லட்டையும் பழத்தையும் இரண்டு வாரம் முழுமையாக நிறுத்திப் புல் மட்டும் கொடுங்கள். ஒட்டுவது பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் எடையையும் பல்லையும் முதுகையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு நாள் ஊருக்குப் போக வேண்டும். தீனியை மொத்தமாக வைத்துவிட்டுப் போகலாமா?

புல்லையும் தண்ணீரையும் வைத்துவிட்டுப் போகலாம்; ஆனால் பார்க்க ஆளில்லாமல் விடக்கூடாது. மேலே சொன்ன பன்னிரண்டு மணி நேரக் கணக்கு நீங்கள் இல்லாதபோதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடமோ மாமியிடமோ காலையும் மாலையும் வந்து மூன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்: புல் குறைந்திருக்கிறதா, தண்ணீர் குறைந்திருக்கிறதா, புதிய புழுக்கை கிடக்கிறதா. மருத்துவரின் எண்ணைக் கூண்டின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். கீரையும் பழமும் அந்த இரண்டு நாளும் வேண்டாம்.